காற்றோட்டமான வீடு

1

இந்த ஊரில் காற்று வருவதற்கு முன்னால் போனில் செய்தி வருகிறது. பலத்த காற்று வீசப் போகிறது, வெளியில் கிடக்கிற சாமான்களைக் கட்டி வையுங்கள் என்று. உடனே என் மருமகள் சுதா ஓடிப்போய் மூன்று நிறக் குப்பைத்தொட்டிகளையும் சுவரோரம் தள்ளி வைப்பாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். காற்றும் சொன்ன நேரத்துக்கு வரும். மெல்போர்னில் எல்லாமே சொன்ன நேரத்துக்கு வரும்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். போனில் பேசி அனுப்புகிறேன், ஊரில் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிற நண்பர் அதை அச்சுக்குத் தகுந்த தமிழில் எழுதிக்கொள்கிறார். ஆட்கள் பேசுகிற இடத்தை மட்டும் பேசினபடியே விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். 'காற்று' என்கிற ஒரு சொல்லால் எனக்கும் என் மகனுக்கும் இந்த வருஷம் வந்த தகராறைச் சொல்ல வேண்டும். சுற்றித்தான் வருவேன். முப்பத்துநான்கு வருஷம் கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், கூண்டு மாதிரி இருக்கிற கேஜில் ஏறி நேராகக் கீழே இறங்கினவன் நான். இப்போது வாய்க்கு நேராக இறங்கத் தெரியவில்லை.

என் மகன் பெயர் ஏழுமலை. இங்கே அவனை 'ஈலை' என்கிறார்கள். அவர்கள் நாக்குக்கு அவ்வளவுதான் வரும் என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் அவனே போனில், 'ஈலை பேசுகிறேன்' என்று சொன்னதைக் கேட்டேன்.

2

ஏழுமலை பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறான். கட்டடம் கட்டுகிறவன் இல்லை, எங்கே எப்படிக் கட்ட வேண்டும் என்று ஆராய்கிறவன். ஏழை ஜனங்களுக்குக் குறைந்த செலவில், மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் வீடு கட்டுவது எப்படி? இதுதான் அவன் ஆராய்ச்சி. உலகத்தில் ஐந்து ஊர்களை எடுத்துக்கொண்டான். அதில் ஒன்று நம்முடைய கோலார் தங்கவயல், சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின நம்முடைய லைன் வீடுகள்.

கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் சிரிப்பும் வந்தது. ஏன் என்றால், நான் வந்த புதிதில் இந்த வீட்டுச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்றது. உள்ளே மரச்சட்டம், மேலே ஏதோ அட்டை. "இன்னாடா, இதுவும் தட்டி வீடுதானா?" என்று கேட்டேன். நாங்கள் பிறந்தது மூங்கில் தட்டியில் மண் பூசி, மேலே தகரம் போட்ட வீட்டில். பத்தடிக்குப் பத்தடி. அதில் ஒன்பது பேர். அதே தட்டியை விட்டு வெளியே போகத்தான் அவனைப் படிக்க வைத்தோம். அவன் கடல் தாண்டி வந்து, இருபத்தைந்து வருஷம் கடன் கட்டுகிற தட்டியில் இருக்கிறான்.

போன வருஷம் பின்பக்கம் மிளகாய்ச் செடிக்கு நிழல் வேண்டுமென்று இரண்டு தகரத்தை நிறுத்தினேன். பன்னிரண்டே நாளில் முனிசிபாலிட்டியிலிருந்து கடிதம். அனுமதி இல்லாத கட்டுமானமாம். ஏழுமலை தகரத்தைப் பிரித்துப் போட்டான். அதே மாதம்தான் அவன் ஆராய்ச்சியில், தகரத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது நல்ல வழக்கம் என்று நம் லைனைப் பாராட்டி எழுதினான். எழுதினதைச் சுதா எனக்குப் படித்துச் சொல்லியிருக்கிறாள். தட்டிச் சுவர் மூச்சு விடுமாம். ஒரு லைனுக்கு ஒரே குழாய் இருந்ததால் தண்ணீர் வீணாகவில்லையாம். வீட்டிலிருந்து வேலைக்கு நடந்தே போகலாமாம், அதனால் புகை இல்லையாம்.

"எல்லாம் சரிதாம்மா. நடந்து போய், அப்புறம் ரெண்டு மைல் கீழ எறங்கணும். அதயும் எழுதினானா?" என்று கேட்டேன்.

"மாமா, அது சுரங்கத்தைப் பத்தினது இல்லீங். வீட்டைப் பத்தினது" என்றாள். சுதா கோயம்புத்தூர்ப் பெண். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரில் வீடு எங்கே முடிந்து சுரங்கம் எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டின சைனைடு மேட்டிலிருந்து மண் பறந்து வந்து சோற்றில் விழுந்து பல்லில் நறநறவென்று கடிபட்டதே, அது வீட்டுக் கணக்கா சுரங்கக் கணக்கா?

3

ஆராய்ச்சிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழுமலை என்னைப் பின்பக்கம் உட்கார வைத்துப் பேச விட்டு ரெக்கார்டு செய்தான். அதற்கு முன்னால் சம்மதம் வாங்க வேண்டும். மகன் அப்பனிடம் நேராகச் சம்மதம் வாங்கக்கூடாதாம், நடுவில் ஆள் வேண்டுமாம். பல்கலைக்கழகத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போனில் வந்தார். பதினான்கு பக்கம் படித்தார். "பங்கேற்பாளர் அவர்களே, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் உங்கள் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்" என்றார். பேசின பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

என் பேச்சை இங்கிலீஷில் எழுத ஆள் வைக்கவில்லை. "எங்க ஊர் பேச்சு எனக்குத்தான் புரியும்" என்று சொல்லி ஏழுமலையே எழுதினான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா?

அவன் ஊரில் எத்தனை வருஷம் இருந்தான்? ஏழு. சுரங்கத்துக்கு இறங்குகிற ஷாப்ட் பக்கம் அவன் கால் படக்கூடாது என்று ஏழு வயதிலேயே வேலூர் ஹாஸ்டலில் விட்டேன். லீவுக்கு வருவான், போவான். அவனை நம் ஊரிலிருந்து பிரித்தவன் நான்தான். அப்புறம் அவன் ஊரை மறந்துவிட்டான் என்று நானே புலம்பினால் எப்படி?

4

மார்ச் மாதம் இங்கே எங்கள் பேட்டை நூலகத்தில் அந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பெரிய பெரிய படங்கள் வைத்தார்கள். நான் தினமும் காலையில் அங்கே போவேன். படிக்க இல்லை, சூடாக இருக்கும் என்று. யோகம்மா என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா அங்கே உதவிக்கு வருவார். அன்றைக்குக் கதவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இஞ்ச வாங்கோ. இது நீங்கள்தானே?"

பார்த்தேன். ஆள் உயரத்துக்கு என் படம். பக்கத்தில் பெரிய எழுத்தில் இங்கிலீஷ்.

"நான்தாம்மா. கெழவன இவ்ளோ பெருசா மாட்டிக்கிறாங்களே, புள்ளைங்க பயந்துக்கப் போவுது."

"சும்மா இருங்கோ, வடிவா இருக்கிறியள். உங்கட வீடு நல்ல காத்தோட்டமாம் எண்டு போட்டிருக்கு."

"எந்த வீடும்மா?"

"ஊரில இருந்த வீடு. வாசிக்கட்டே?" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "'எங்கட வீட்டுக்கு அடிக்கடி காத்து அடிக்கும். அடிச்சால் வீடே ஆடும். பாத்திரம் எல்லாம் சத்தம் போடும். லைன் முழுக்க வெளியில வந்து நிண்டுகொண்டிருக்கும்.' இவ்வளவும் நீங்கள் சொன்னது. கீழ சின்ன எழுத்தில அவையள் போட்டிருக்கினம், 'இயற்கைக் காற்றோட்டம், அயலவர் கூடி மகிழ்ந்த வாழ்க்கை' எண்டு."

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தார். "என்ன ஐயா, ஊர் ஞாபகம் வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

5

இப்போது நம் ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கே தெரியாது, சுரங்கத்தை மூடின பிறகு அவர்கள் காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். சுரங்கம் ஆழமாகப் போகப் போக, மேலே இருக்கிற பாறையின் கனம் தாங்காமல் கீழே பாறை வெடிக்கும். மருந்து வைத்து வெடிப்பது வேறு. இது யாரும் வைக்காமல் தானாக வெடிப்பது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். வெடித்தால் மேலே லைனில் வீடு ஆடும். பரணில் இருக்கிற பாத்திரம் உருண்டு விழும். சுவர் விரியும். எல்லாப் பெண்களும் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். ஷாப்ட் இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எந்த ஆழத்து லெவலில் வெடித்தது, யார் வீட்டு ஆள் அந்த லெவலில் இருக்கிறான் என்று செய்தி வரும்வரைக்கும் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். அதுதான் யோகம்மா படித்த கூடி மகிழ்ந்த வாழ்க்கை.

எனக்கு ஒரு அண்ணன். அவன் பெயரும் ஏழுமலை. அவன் பெயரைத்தான் மகனுக்கு வைத்தேன். இரண்டு பேரும் டிம்பர் வேலை, பாறைக்குக் கீழே மரத்தை நிறுத்தி முட்டுக் கொடுக்கிற வேலை. ஒரு நாள் காலை ஷிப்டு. எனக்குக் காய்ச்சல் என்று என் இடத்துக்கு அவன் போனான். "படுத்துக்கடா, நான் பாத்துக்கிறேன். கஞ்சி மிச்சம் வையி" என்று சொல்லிவிட்டுப் போனான். பத்து மணி இருக்கும், வீடு ஆடினது. நான் வெளியே வந்து பெண்களோடு நின்றேன். ஆம்பளை ஒருத்தன் அந்தக் கூட்டத்தில் நின்றது அன்றைக்கு நான்தான்.

நாலு நாள் தோண்டினார்கள். மேற்கொண்டு போனால் தோண்டுகிறவனும் சாவான் என்று அந்த இடத்தை அடைத்துவிட்டார்கள். அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். சுடுகாட்டில் அவனுக்காக வெறும் மண்ணைக் குவித்து ஒரு மரப்பலகை நட்டோம். அதில் பெயர் எழுத வேண்டும் என்றுதான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். எனக்கு எழுதத் தெரிந்த பெயர்கள் இரண்டு. என்னுடையது ஒன்று, அவனுடையது ஒன்று. 'ழ' போடுவதற்கு மூன்று நாள் ஆனது.

6

நூலகத்தில் படத்தைப் பார்த்த அன்றைக்குச் சாயந்திரம், ஏழுமலை வந்ததும் ஷூவைக் கழற்றக்கூட நான் விடவில்லை.

"இன்னாடா எழுதி வெச்சிக்கிற?"

"இன்னா நைனா, போட்டோ பாத்தீங்களா?"

"போட்டோவ வுடு. நான் ஏர் பிளாஸ்ட்னு சொன்னேன். நீ காத்து வீசிச்சுன்னு போட்டுக்கிற. வூடு ஆடுச்சுன்னு சொன்னா, ஊஞ்சல் ஆடுற மாதிரின்னு நெனச்சிக்கினியா?"

"நீங்க காத்துன்னுதான் சொன்னீங்க நைனா."

"சொல்லவே இல்ல."

"ரெக்கார்டிங் இருக்குது. இருங்க."

போனை மேசையில் வைத்துப் போட்டான். முதலில் பின்பக்கத்துப் பறவைச் சத்தம். அப்புறம் என் குரல். 'காத்து அடிச்சிச்சுன்னா வூடே ஆடும்டா. பாத்தரம்லாம் கடகடன்னு வுழும். லைனே வெளிய வந்து நின்னுகினு இருக்கும்.'

இன்னொரு தடவை போடச் சொன்னேன். அதேதான். காத்து.

சொல்லத்தான் சொல்லியிருக்கிறேன். நம் லைனில் யாரும் வீட்டுக்குள்ளே 'ஏர் பிளாஸ்ட்' என்ற பேரைச் சொல்ல மாட்டார்கள். பாம்பை ராத்திரியில் பாம்பு என்று சொல்ல மாட்டார்களே, அந்த மாதிரி. அடுப்பு இருக்கிற இடத்தில் சொன்னால் வந்துவிடும் என்று ஒரு பயம். அதற்குப் பதில் 'நேத்து காத்து அடிச்சிதாமே' என்போம், 'அவன் காத்துல போய்ட்டான்' என்போம். அண்ணன் போன பிறகு நானும் அப்படியே சொல்லி, வாய்க்கு அதுதான் பழகியிருக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் வந்தும் அந்தப் பேரை வாய் எடுக்கவில்லை. மகன் நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல்தான் எழுதியிருக்கிறான்.

அவனுக்கு அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சலையும் சொன்னேன், கஞ்சியையும் சொன்னேன். சுதா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா வேலையில செத்தாருன்னுதான் சொன்னீங்க" என்றான்.

"வேலையிலதான்டா செத்தான்."

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். அப்புறம், "சரி நைனா. எங்க ஆராய்ச்சி புக்கு பிரிண்டுக்குப் போய்டுச்சு. ஆனா ஒரு அடிக்குறிப்பு சேர்த்துக்க விடுவாங்க" என்றான்.

"அடிக்குறிப்புன்னா?"

"பக்கத்துக்கு அடியில, சின்ன எழுத்துல."

"அவன் ஏற்கெனவே அடியிலதான்டா கெடக்குறான்."

7

அவன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் பேசுவது கோள் ஆகிவிடும்.

மறுநாள் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற பார்க்கிங்கில் நிறுத்தினான். ஒரு வெள்ளைக்காரப் பெண், நாற்பது வயது இருக்கும், தன் காரின் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் மெத்தை, துணி, ஒரு குக்கர்.

"ஸ்கூல்ல வேலை செய்யுது நைனா. வாடகை கட்ட முடியல. இந்த மாதிரி எத்தினியோ பேரு. இங்க பக்கத்துல ஒரு காலி எடம் இருக்குது. சின்னச் சின்ன வீடா, சொவரோட சொவரா சேத்து கட்டலாம்னு நாங்க சொல்றோம். சுத்தி இருக்கிறவங்க வேணாங்கறாங்க. நெருக்கமா கட்டினா சேரி ஆயிடுமாம். அந்த மாதிரி வீட்லயும் மனுசங்க மரியாதையா வாழ்ந்தாங்கன்னு காட்டணும். அதுக்குத்தான் உங்க பேச்சு. புக்குல அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் படிப்பாங்க."

"வாழ்ந்தோம்டா, இல்லேங்கல. அப்ப முழுசா போடு. இன்னா காத்துன்னும் போடு, யாரு செத்தான்னும் போடு."

"போட்டா வேணாங்கறவங்க அதயே புடிச்சிக்குவாங்க நைனா. ஒட்டின வீடு ஆடுது, விரியுது, ஆளு சாவுதுன்னு. அடுத்த மாசம் முனிசிபாலிட்டில முடிவு எடுக்கிறாங்க."

"வூடு ஒட்டினதாலயா ஆடுச்சு? அடியில தோண்டினதால ஆடுச்சு."

"எனக்குப் புரியுது. அவங்களுக்கு யாரு புரிய வெக்கிறது?"

அந்தப் பெண் வாய் கொப்புளித்து ஓரமாகத் துப்பிவிட்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவளுக்கு வீடு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு என் அண்ணன் சாவு தென்றல் காற்றாக இருக்க வேண்டும் என்றால், அது எனக்கு ஆகவில்லை. மேலே நிற்கிறவன் வசதிக்காகக் கீழே இருக்கிறவனைப் பேசாமல் இருக்கச் சொல்வதை நான் முப்பத்துநான்கு வருஷம் பார்த்தாகிவிட்டது. என் வீட்டிலேயே அதை என் பிள்ளை நல்ல காரியத்துக்குச் செய்வான் என்று நினைக்கவில்லை.

"என் பேச்ச எனக்குத் திருப்பிக் குட்றா" என்றேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தின பிறகு, "அந்தப் பக்கம் இல்லாட்டி புக்குல ஒண்ணும் இல்ல நைனா" என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் ஹாஸ்டல் வாசலில் பெட்டியோடு நின்றபோது இருந்த குரல் அது. அன்றைக்கும் நான் திரும்பிப் பார்க்காமல்தான் வந்தேன்.

8

திரும்ப வாங்குவதற்கும் ஒரு படிவம். அதே மொழிபெயர்ப்பாளர் போனில் வந்தார்.

"பங்கேற்பாளர் அவர்களே, கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புவது கட்டாயமில்லை."

"கட்டம் இருக்குது இல்ல?"

"இருக்கிறது."

"அப்ப எழுதறேன்."

என் பெயரை எழுதும் இடத்தில் எழுதினேன். அப்புறம் காரணம் என்ற கட்டத்தில், எனக்குத் தெரிந்த இன்னொரு பெயரை எழுதினேன். இந்தத் தடவை 'ழ' சரியாக வந்தது.

அதை அனுப்ப வேண்டியவன் ஏழுமலைதான். எடுத்துப் பார்த்தான். முகம் சுருங்கிப் போனது.

"ஏன் நைனா என் பேர எழுதிக்கிறீங்க? என்னால தான்னு சொல்றீங்களா?"

"உன் பேரு இல்லடா அது. உனக்குக் குடுத்த பேரு."

அவன் படிவத்தை அப்படியே அனுப்பினான். ஆள் உயரப் படத்தை நூலகத்தில் கழற்றிவிட்டார்கள், புத்தகத்திலிருந்தும் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் இப்போது மூங்கில் தோப்பு ஒன்றின் படம் இருக்கிறது. காலி இடத்தில் வீடு கட்டும் முடிவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்களாம். என்னால்தான் என்று ஏழுமலை சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பார்க்கிங்கில் அந்தக் கார் அதே இடத்தில்தான் நிற்கிறது. நான் இப்போது நூலகத்துக்கு முன்வாசல் வழியாகவே போகிறேன்.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது, போனில் சொன்ன காற்று. சுதா தொட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு வந்து கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். என் வேண்டுகோளை ஏற்றுக்கொண்டார்களாம். பங்கேற்றதற்கு நன்றியாம்.

"அவ்ளோதானாம்மா?"

"கீழே ஒரு வரி இருக்குதுங் மாமா" என்று அதையும் படித்தாள்.

"காரணம்: எதுவும் தெரிவிக்கப்படவில்லை."